பேனலில் எல்லாம் பூஜ்யம்

கேஸ் டிடெக்டர் பேனலில் வரிசையாகப் பூஜ்யம் தெரிந்தால் எங்கள் ஆலையில் எல்லோருக்கும் நிம்மதி. ஷிப்ட் மேற்பார்வையாளர் ஒரு பார்வை பார்த்துவிட்டு, நோட்டில் 'சரி' என்று எழுதிவிட்டுப் போய்விடுவார். எனக்கு அந்த நிம்மதி அவ்வளவு சீக்கிரம் வருவதில்லை. பெயிண்டும் தின்னரும் கலக்கும் ஆலையில், இன்ஸ்ட்ருமென்ட் பிரிவில் பல வருடமாக இருக்கிறேன். டிடெக்டர்களைச் சோதிப்பது, காலிபரேட் செய்வது (அளவு தெரிந்த கேஸை விட்டு எண்ணைச் சரிப்படுத்துவது), செத்துப்போனதை மாற்றுவது, இதுதான் என் பிழைப்பு. அங்கே ஆவி இல்லாததால் பூஜ்யம் வரலாம். ஆவி இருந்தும் டிடெக்டருக்கு அது தெரியாததாலும் வரலாம். பேனலை எவ்வளவு நேரம் முறைத்துப் பார்த்தாலும் எது என்று தெரியாது.

புதிதாகச் சேர்ந்த பயிற்சிப் பையன் ஒருவன் கேட்டான்: "அக்கா, எல்லாம் ஜீரோதானே காட்டுது, எதுக்கு ஒவ்வொண்ணா கேஸ் அடிச்சுப் பாக்கிறீங்க?" நியாயமான கேள்வி. அவனுக்குச் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். பெட்ரோலோ தின்னரோ, தீப்பிடிப்பது திரவம் இல்லை. அதன் மேலே நிற்கும் ஆவி. காற்றோடு கலந்து, நெருப்பு காட்டினால் பற்றிக்கொள்ளும் அளவுக்கு ஆவியை ஒரு திரவம் எந்த வெப்பநிலையில் விட ஆரம்பிக்கிறதோ, அதுதான் அதன் ஃபிளாஷ் பாயின்ட். பெட்ரோலுக்கு அது சுமார் மைனஸ் 40 டிகிரி செல்சியஸ். அசிட்டோனும் டொலுயீனும் தின்னரில் சேரும் கரைப்பான்கள். அசிட்டோனுக்கு மைனஸ் 20ஐ ஒட்டி. டொலுயீனுக்கு 4 டிகிரி. மண்ணெண்ணெய்க்கு 38க்கு மேல், டீசலுக்கு 50க்கு மேல். ஆக, சாதாரண அறையில் டொலுயீன் டப்பாவைத் திறந்து வைத்தால் அது எப்போதும் பற்றத் தயாராகவே இருக்கிறது. டீசல் அப்படி இல்லை. இந்த வித்தியாசம் டிடெக்டர் விஷயத்தில் பின்னால் பெரிதாக வரும்.

அடுத்தது எல்.இ.எல்., அதாவது கீழ் வெடிப்பு எல்லை. காற்றில் ஆவி இவ்வளவுக்குக் கீழே இருந்தால் பற்றாது என்ற அளவு. டொலுயீனுக்கு அது 1.1 சதவீதம், அசிட்டோனுக்கு 2.5, எத்தனாலுக்கு 3.3. இதற்கு மேல் எல்லையும் உண்டு. அதைத் தாண்டினால் ஆவி அதிகமாகி, காற்று போதாமல் பற்றாது. டொலுயீனுக்கு மேல் எல்லை சுமார் 7 சதவீதம், அசிட்டோனுக்கு 13ஐ ஒட்டி. பேனலில் தெரியும் எண் காற்றில் இருக்கும் ஆவியின் சதவீதம் இல்லை. கீழ் எல்லையில் எத்தனை சதவீதத்தை எட்டியிருக்கிறோம் என்பது. 100 என்றால் எல்லையைத் தொட்டாயிற்று. அதனால்தான் முதல் அலாரத்தை 10 அல்லது 20லேயே வைக்கிறோம், இரண்டாவதை 40க்குப் பக்கத்தில்.

ஒரு லிட்டர் டொலுயீன் முழுவதும் ஆவியானால் அறை வெப்பத்தில் ஏறக்குறைய 225 லிட்டர் ஆவி. அதை 1.1 சதவீதமாகப் பரப்பினால் 20 கன மீட்டர் காற்று எரியக்கூடியதாகிவிடும். 3 மீட்டருக்கு 3 மீட்டர் உள்ள ஒரு அறை, ஆள் உயரத்துக்கும் மேலே வரை. ஒரு லிட்டருக்கே இந்தக் கணக்கு. எங்களிடம் 200 லிட்டர் பேரல்கள் அடுக்கி நிற்கின்றன.

ஆனால் ஆவி இப்படி அறை முழுக்கச் சீராகப் பரவுவதே இல்லை. டொலுயீன் ஆவி காற்றைவிட மூன்று மடங்கு கனம், அசிட்டோன் இரண்டு மடங்கு. எத்தனால்கூட ஒன்றரை மடங்குக்கு மேல். தண்ணீரைப் போலப் பள்ளம் தேடி ஓடும். தரையோடு படர்ந்து, கதவிடுக்கில் நுழைந்து, கேபிள் போகும் பள்ளத்தில் இறங்கி, வடிகால் குழியில் போய் உட்காரும். அதே 3க்கு 3 அறையில் ஆவி முழங்கால் உயரத்துக்குள் தேங்கிவிட்டால் ஒரு லிட்டர் வேண்டாம், கால் லிட்டரே எல்லையைத் தொட்டுவிடும். அதே நேரத்தில் ஆள் உயரத்தில் மாட்டிய டிடெக்டரில்? பூஜ்யம்.

இது கற்பனை இல்லை. கலவைக் கூடம் ஒன்றில் டிடெக்டரைக் கண்ணுக்கு நேரே, படிக்க வசதியாக மாட்டியிருந்தார்கள். காலிபரேட் செய்பவருக்கும் வசதி, குனிய வேண்டாம். நான் கையில் வைத்திருந்த சிறிய மீட்டரின் குழாயைத் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில், பம்ப் அடியில் பிடித்தபோது எண் ஏறிக்கொண்டே போனது. நிமிர்ந்து மேலே பார்த்தால் சுவரில் இருந்தது அமைதியாகப் பூஜ்யம் காட்டிக்கொண்டிருந்தது. பம்ப் சீலில் கசிவு. சொட்டு சொட்டாகத்தான், தரையில் ஈரம்கூடச் சரியாகத் தெரியவில்லை, விழுந்ததும் காய்ந்துவிடுகிறது. காய்ந்துவிட்டது என்றால் எங்கேயோ காற்றில்தானே போயிருக்கிறது? இப்போது எல்லாம் தரையிலிருந்து 15 முதல் 30 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கின்றன, தரையைக் கழுவும்போது தண்ணீர் அடிக்காமல் இருக்க மூடியோடு. குனிந்து குனிந்து எனக்கு இடுப்பு வலிதான், பரவாயில்லை.

சரி, இடம் சரியாக இருக்கிறது. அப்புறமும் ஏன் பூஜ்யத்தைச் சந்தேகிக்க வேண்டும்? அதற்கு டிடெக்டரின் உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிய வேண்டும்.

எங்களிடம் அதிகம் இருந்தது கேட்டலிட்டிக் பீட் வகை, அதாவது வினையூக்கி பூசிய சிறு மணி. இதன் தொடக்கம் எண்ணெய்க் கப்பலில் இருந்து வருகிறது: கப்பல் டாங்குகளில் நடந்த வெடிப்புகளைத் தடுக்க 1926-27ல் கலிஃபோர்னியாவின் ஸ்டாண்டர்ட் ஆயில் நிறுவனத்தில் ஆலிவர் ஜான்சன் என்பவர் உருவாக்கியது. இன்றைய வடிவத்தில் ஒரு மெல்லிய பிளாட்டினம் கம்பிச் சுருள், அதைச் சுற்றி அலுமினா மணி, மணியின் மேல் பலேடியம் போன்ற வினையூக்கிப் பூச்சு. மிளகைவிடச் சிறிய சமாச்சாரம். மின்சாரம் கொடுத்து இதைச் சுமார் 500 டிகிரிக்குச் சூடாக்கி வைத்திருக்கிறோம். ஆவி உள்ளே வந்ததும் மணியின் மேல் தீப்பிழம்பே இல்லாமல் எரிகிறது. சூடு இன்னும் ஏறுகிறது. கம்பியின் மின்தடை கூடுகிறது. பக்கத்திலேயே வினையூக்கி இல்லாத இன்னொரு மணி இருக்கும். இரண்டையும் வீட்ஸ்டன் பாலம் என்ற, மின்தடைகளை ஒப்பிடும் சுற்றில் வைத்து ஒப்பிட்டால் வித்தியாசம்தான் நமக்கு எண்ணாக வருகிறது. வெளிக்காற்றின் சூடும் குளிரும் இரண்டு மணிக்கும் பொது என்பதால் அவை கணக்கில் கழிந்துவிடும்.

கவனித்தீர்களா, எரியும் ஆவியைக் கண்டுபிடிக்க அதைக் கொஞ்சம் எரித்தே பார்க்கிறோம். அதனால் வெளியே தீ பரவாமல் இருக்க முகப்பில் துளைகள் உள்ள உலோக வட்டு ஒன்று இருக்கும், சின்டர் என்போம். தீப்பிழம்பு அந்த நுண்துளைகளைக் கடக்கும்போது சூட்டை இழந்து அணைந்துவிடும். 1815ல் ஹம்ஃப்ரி டேவி சுரங்க விளக்கைக் கம்பி வலையால் மூடினாரே, அதே சங்கதி.

இந்த மணிக்கு ஒரு பரம எதிரி உண்டு: சிலிக்கோன். சிலிக்கோன் ஆவி சூடான மணியின் மேல் பட்டால் எரிந்து, சிலிக்காவாகப் படிந்து, வினையூக்கியை மூடிவிடும். அப்புறம் எவ்வளவு ஆவி வந்தாலும் அங்கே எரியாது. எரியாவிட்டால் சூடு ஏறாது. சூடு ஏறாவிட்டால் எண் பூஜ்யம். மோசம் என்னவென்றால், மின்சுற்றுக்கு இது பழுதாகவே தெரியாது. எங்கள் டிடெக்டர்கள் 4 முதல் 20 மில்லி ஆம்பியர் வரை சிக்னல் அனுப்பும். 4 என்றால் பூஜ்யம், 20 என்றால் முழு அளவு. கம்பி அறுந்தால் சிக்னல் 4க்குக் கீழே விழும், பேனல் உடனே கத்தும். விஷமேறிய மணி அப்படி இல்லை, சமர்த்தாக 4 மில்லி ஆம்பியர் அனுப்பிக்கொண்டே இருக்கும். உயிரோடு இருக்கும் மணியும் 4தான் அனுப்பும்.

ஒரு முறை பராமரிப்புக்கு வந்த ஒப்பந்தக்காரர்கள் ஷட்டர் தண்டவாளம் முழுக்க ஸ்பிரே அடித்துவிட்டுப் போனார்கள். கதவு வெண்ணெயாக ஓடியது, எல்லோருக்கும் சந்தோஷம். அடுத்த சோதனையில் அந்தப் பக்கத்து டிடெக்டர் ஒவ்வொன்றிலும் கேஸ் அடித்துப் பார்த்தால் அசைவே இல்லை. டப்பாவைத் தேடி எடுத்துப் படித்தால் சிலிக்கோன் லூப்ரிகன்ட். அந்த இடைவெளியில் யாராவது பேனலைப் பார்த்து எத்தனை முறை 'சரி' என்று எழுதியிருப்பார்கள் என்று நினைத்தால் இப்போதும் எரிச்சல் வருகிறது. இதில் வேடிக்கை, சிலிக்கோன் எங்களுக்கு வெளியிலிருந்துதான் வர வேண்டும் என்றே இல்லை. பெயிண்டில் நுரை அடங்கவும் பூச்சு சமமாகப் படியவும் சேர்க்கும் பொருட்களிலேயே அது உண்டு. ஈயச் சேர்மங்களும் மணியைக் கெடுக்கும். கந்தகம், குளோரின் உள்ளவை மந்தமாக்கும்.

அதற்குத்தான் பம்ப் டெஸ்ட் (bump test; தண்ணீர் பம்ப் இல்லை). அளவு தெரிந்த கேஸ் சிலிண்டரிலிருந்து டிடெக்டரின் முகத்தில் கேஸ் விட்டு, எண் ஏறுகிறதா, எவ்வளவு சீக்கிரம் ஏறுகிறது, கேஸை எடுத்ததும் இறங்குகிறதா என்று பார்ப்பது. நல்ல மணி அரை நிமிடத்துக்குள் 90 சதவீதத்தைத் தொட்டுவிடும். இழுத்து இழுத்து ஏறினால் பாதி நேரம் மணி காரணமாக இருக்காது. முகப்புச் சின்டரில் பெயிண்ட் துகள் படிந்து அடைத்திருக்கும். நீலமும் வெள்ளையுமாகப் பூச்சு ஏறிய சின்டரை நான் கழற்றி எடுத்திருக்கிறேன், டிடெக்டருக்கே யாரோ சுண்ணாம்பு அடித்ததுபோல. பையனிடம் அதைக் கையில் கொடுத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கச் சொன்னேன். "ஒண்ணும் தெரியலையே அக்கா" என்றான். டிடெக்டருக்கும் அதே கதிதான் என்றேன்.

பூஜ்யம் பொய்யாகும் வழி இன்னொன்று இருக்கிறது, இது எனக்கு இன்னும் கொஞ்சம் பயம் தருவது. மணியின் மேல் எரிய ஆக்சிஜன் வேண்டும். ஆவி மிக அதிகமாகிவிட்டால் எரியக் காற்று போதாது. அசிட்டோன் பேரலின் வாயில் குழாயை விட்டால், 25 டிகிரியில் உள்ளே ஆவி 30 சதவீதம்வரை நிற்கும், மேல் எல்லையைவிட இரு மடங்குக்கும் அதிகம். பழைய மீட்டரில் எண் சட்டென்று உச்சிக்கு ஏறி, பிறகு கீழே இறங்கி, தாழ்ந்த எண்ணில் நிற்கும். ஏறிய கணத்தில் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தால் பாதுகாப்பு என்று நினைத்துவிடுவோம். புதிய கருவிகள் உச்சியைத் தாண்டியதும் அப்படியே பூட்டிக்கொண்டு கத்தும், நாம் ரீசெட் செய்யும்வரை விடாது. வாங்கும்போது இதைக் கேட்டு வாங்க வேண்டும். நைட்ரஜன் நிரப்பிய டாங்கிலும் இதே கதை. அங்கே கேட்டலிட்டிக் மீட்டரை நம்பவே கூடாது.

டொலுயீன் பேரல் அசிட்டோனுக்கு நேர்மாறு. மூடிய பேரலில் 25 டிகிரியில் அதன் ஆவி 4 சதவீதத்துக்குச் சற்றுக் கீழே நிற்கும். அதாவது எரியும் எல்லைக்குள் கச்சிதமாக. அசிட்டோன் பேரலில் உள்ளே பற்ற வாய்ப்புக் குறைவு, வாய்க்கு வெளியேதான் ஆபத்து. டொலுயீன் பேரலில் உள்ளேயே தயார். அதுவும் காலி பேரல் என்று உருட்டிப் போட்டிருப்பதில், அடியில் ஒரு டம்ளர் மிச்சம் இருந்தால் போதும். டொலுயீன் ஆவி பற்றத் தேவையான பொறி கால் மில்லி ஜூலுக்கும் குறைவு. கதவுப் பிடியைத் தொடும்போது விரலில் சுள்ளென்று உறைக்கும் பொறியில் அதைவிட அதிகம் இருக்கிறது. எந்த டிடெக்டரும் அந்தப் பொறியைத் தடுக்காது. பேரலை நிலத்தோடு இணைக்கும் எர்த் கிளாம்ப் மாட்டாமல் யாராவது ஊற்றினால் எனக்குக் கோபம் வருவது அதனால்தான்.

எண் பூஜ்யமாக இல்லாமல் ஏதோ காட்டினாலும் அதை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. காலிபரேட் செய்ய எளிதில் கிடைப்பது மீத்தேன். 2.5 சதவீத மீத்தேனை விட்டு, இது 50 என்று டிடெக்டருக்குச் சொல்லிவைக்கிறோம். மீத்தேன் சிறிய மூலக்கூறு, சின்டர் வழியாகச் சட்டென்று உள்ளே போய்விடும். டொலுயீன் பெரியது, மெதுவாகத்தான் போகும். அதனால் மீத்தேனுக்கு அமைத்த டிடெக்டர் டொலுயீனை ஏறத்தாழ பாதியாக, சில மாடல்களில் அதைவிடக் குறைவாகக் காட்டும். பேனலில் 20 என்றால் உண்மை 40ஐத் தாண்டியிருக்கலாம். தயாரிப்பாளர் தரும் திருத்தக் காரணியால் பெருக்க வேண்டும். அது மாடலுக்கு மாடல் மாறும், இன்னொரு கம்பெனி அட்டவணையைப் பார்த்துப் போடக் கூடாது. மணி வயதாகும்போது மீத்தேனுக்கான உணர்வுதான் முதலில் போகும் என்பதால், சோதனையை மீத்தேனில் செய்வதில் ஒரு நன்மையும் இருக்கிறது: மீத்தேன் தெரிகிறது என்றால் மணி நன்றாகவே இருக்கிறது.

டீசல், கனமான எண்ணெய் வகைகளுக்கு இந்த டிடெக்டரை மாட்டச் சொல்லி யாராவது கேட்டால், கொஞ்சம் யோசியுங்கள் என்பேன். சாதாரண வெப்பத்தில் டீசல் ஆவி எல்.இ.எல். பக்கமே வராது. குழாயிலும் சின்டரிலும் ஒட்டிக்கொண்டு மணிவரை போய்ச் சேராததும் உண்டு. ஆனால் அழுத்தத்தில் குழாய் உடைந்து தூவலாகப் பீய்ச்சினால் அது ஃபிளாஷ் பாயின்ட்டுக்குக் கீழேயே பற்றும், அப்போதும் இந்த டிடெக்டர் சும்மா இருக்கும். அங்கே வேண்டியது வேறு கருவி. ஆளிவிதை எண்ணெய் தோய்ந்த துணிக் குவியல் தானாகச் சூடேறிப் பற்றுவதையும் இந்த டிடெக்டர் காட்டாது. மூடியுள்ள உலோகத் தொட்டிதான் அதற்கு மருந்து.

இன்னொரு விஷயம், ஆவியை வெறும் தீ ஆபத்தாகப் பார்க்கும் பழக்கம். டொலுயீனுக்கு 10 என்று முதல் அலாரம் அடிக்கும்போது காற்றில் 1100 பிபிஎம் (பத்து லட்சத்தில் 1100 பங்கு) இருக்கிறது. உடனடியாக உயிருக்கோ உடலுக்கோ ஆபத்து என்று குறித்திருக்கும் அளவு 500. அதாவது தீ அலாரம் அடிப்பதற்குள் அங்கே நின்றவருக்குத் தலை சுற்றியிருக்கும். அதனால் உள்ளே இறங்கும் ஆட்களுக்கு நான் பி.ஐ.டி. வகை மீட்டரையும் கொடுக்கிறேன். புற ஊதா விளக்கால் மூலக்கூறுகளை அயனியாக்கி, ஒற்றை இலக்க பிபிஎம்மையும் படிக்கும். கசிவை முதலிலேயே மோப்பம் பிடிக்கவும் அதுதான் கெட்டிக்காரன். ஆனால் வழக்கமான 10.6 எலக்ட்ரான் வோல்ட் விளக்கு மெத்தனாலையும் மீத்தேனையும் பார்க்காது. அங்கேயும் ஒரு பொய்ப் பூஜ்யம் காத்திருக்கிறது.

வீட்டில் செய்து பார்க்கும் ஆர்வலர்கள் எம்.க்யூ-2, எம்.க்யூ-3 என்ற சிறிய கேஸ் சென்சார் மாட்யூல்களைப் பற்றிக் கேட்கிறார்கள். ஜப்பானில் நவோயோஷி டகுச்சி 1962ல் உருவாக்கிய வழியில் வந்தவை. சூடான வெள்ளீய ஆக்சைடின் மின்தடை ஆவி பட்டால் குறையும். கற்றுக்கொள்ள அருமையான பொருள். ஆனால் ஈரப்பதம் மாறினாலே எண் மாறும், முதல் முறை 24 மணி நேரத்துக்கு மேல் சூடேற்றி வைக்காவிட்டால் நிலைக்காது, சாராயம், புகை, ஹைட்ரஜன் எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரி எகிறும். நிரலில் பிபிஎம் என்று அச்சாகும் எண்ணை நம்பாதீர்கள். 'கூடுகிறது, குறைகிறது' என்ற அளவுக்கு எடுத்துக்கொள்ளுங்கள். அந்த மாட்யூலோடு சேர்த்து ஒரு ரிலேயை (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்சை) அதே அறையில் வைத்து மின்விசிறியை ஓட விடுகிறார்கள் பாருங்கள், அதைப் பார்த்தால்தான் பகீரென்கிறது. ரிலே ஒவ்வொரு முறை சேரும்போதும் பொறி. ஆவி அதிகமான அதே நொடியில் பொறி உண்டாக்கும் கருவியை நாமே கட்டிவைத்திருக்கிறோம். எங்கள் இடத்தில் விசிறி மோட்டார் வெடிகாப்பு வகை, ரிலேக்கள் எல்லாம் ஆபத்துப் பகுதிக்கு வெளியே பேனல் அறையில். முதல் அலாரத்தில் விசிறி வேகம் கூடும். இரண்டாவதில் பம்ப் நிற்கும், வால்வு மூடும். ரிலே எப்போதும் மின்சாரத்தோடு இழுத்துப் பிடித்த நிலையில் இருக்கும்; மின்சாரம் போனால் அலாரம் என்றே கணக்கு.

கலவைக் கூடத்தில் இப்போது இன்ஃப்ராரெட் வகைக்கு மாறிவிட்டோம். கார்பன்-ஹைட்ரஜன் பிணைப்பு 3.3 முதல் 3.4 மைக்ரோமீட்டர் ஒளியை உறிஞ்சும். எவ்வளவு உறிஞ்சியது என்று பார்த்தால் ஆவி எவ்வளவு என்று தெரியும். இன்னொரு அலைநீளத்தை ஒப்பீட்டுக்கு வைத்திருப்பதால், கண்ணாடி அழுக்கானால் பூஜ்யம் காட்டாமல் 'எனக்குத் தெரியவில்லை' என்று பழுதுக் குறி அனுப்பும். சிலிக்கோன் ஒன்றும் செய்யாது, ஆக்சிஜனும் தேவையில்லை. விலை அதிகம் என்று மேலிடத்தில் முதலில் முனகினார்கள். செத்த மணிகளை ஒரு பெட்டியில் போட்டு மேசையில் கொட்டிக் காட்டினேன், பிறகு கையெழுத்தானது.

ஃபோர்க் லிஃப்ட் பேட்டரி சார்ஜ் செய்யும் அறையில் மட்டும் பழைய மணி வகையையே விட்டிருக்கிறேன். அங்கே வருவது ஹைட்ரஜன். அதில் கார்பன் இல்லை, இன்ஃப்ராரெட் அதைப் பார்க்கவே பார்க்காது. ஹைட்ரஜன் காற்றைவிட இலேசு என்பதால் அந்த அறை டிடெக்டர் கூரையை ஒட்டி இருக்கிறது, பம்ப் டெஸ்டுக்கு ஏணி வேண்டும். அந்த வேலையைப் பையனிடம் ஒப்படைத்துவிட்டேன். அங்கே கேஸ் அடித்துப் பார்க்காமல் அவன் இப்போது நோட்டில் எதுவும் எழுதுவதில்லை.